வெள்ளை முடிச்சு

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரச் செய்தித்தாளில் சுருட்டிய சோயாச் செடிகளோடு வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போய் அவிழ்த்து வைத்தார். அப்பாவும் நானும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மா இறந்ததிலிருந்து நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம். ஓடுவது ஓடும், நாங்கள் எதிரில் உட்கார்ந்திருப்போம்.

மாமா அம்மாவின் அண்ணன். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டு, போன வருடம் ஸ்டியரிங்கை விட்டவர். தன் சின்ன வயல் போதாது என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து முழுவதும் சோயா விதைத்திருந்தார். முதல் விளைச்சலே சொதப்பினால் நிலத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். மாமாவால் மறுபடி லாரி ஏற முடியாது. இதெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

மேசையில் கிடந்த செடிகள் சோகை பிடித்தவை போல மஞ்சளாக இருந்தன. இந்த வயதில் சோயா கரும்பச்சையாக முழங்காலைத் தாண்டியிருக்க வேண்டும். இவை ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டன. பூச்சியா, தண்ணீரா, மண்ணில் ஏதாவது கோளாறா என்று மாமா அப்பாவைக் கேட்டார். பொட்டலத்தைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை. அது அவருக்குத் தோன்றவே தோன்றாது.

பொட்டலம் எங்களுடையது. நாங்கள் பாக்டீரியா வளர்த்துப் பொட்டலம் போட்டு விற்கும் ஓர் இடத்தில் வேலை பார்க்கிறோம். அப்பா வளர்க்கிறார், நான் பேக்கிங் ஹாலில் பொட்டலத்துக்கு வாய் ஒட்டுகிறேன். உள்ளே கறுப்புத் தூள் இருக்கும், தூளுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஜீவன்கள். சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து விதையில் புரட்டி விதைத்தால், செடி முளைத்ததும் வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீடு கட்டிக்கொள்ளும். காற்றில் கொட்டிக் கிடக்கும் நைட்ரஜனைச் செடியால் ஒரு வாய்கூட எடுத்துக்கொள்ள முடியாது. இவை எடுத்து, உணவாக்கி, செடிக்குக் கொடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும்.

அங்கேயே வேலை பார்த்த அம்மா, விவசாயிகள் கூட்டத்தில் இதை வீட்டோட மாப்பிள்ளை கதையாகச் சொல்வாள். சோறு போட்டு உள்ளே வைத்துக்கொண்டால் உழைத்துப் போடுவார் என்பாள். தின்றுவிட்டுத் தூங்கும் மாப்பிள்ளைகளும் உண்டே என்று பின்வரிசையில் யாராவது கேட்பார்கள். அதற்குத்தான் முடிச்சை வெட்டிப் பார்க்கிறோம் என்பாள். உள்ளே ஈறு மாதிரிச் சிவந்திருந்தால் மாப்பிள்ளை உழைக்கிறார். வெள்ளையாக இருந்தால் படுத்திருக்கிறார். கூட்டம் சிரிக்கும், அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். கல்யாணமான புதிதில் அவர் மாமனார் வீட்டில்தான் இருந்தார்.

அந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவளே அம்மாதான். நான் பிறப்பதற்கு முன்பு, ஊர் ஊராகப் போய்ச் சோயாச் செடிகளைப் பிடுங்கி, முடிச்சுகளை நசுக்கி, எது நன்றாக உழைக்கிறது என்று சலித்து எடுத்தாள். அவளை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து அலைந்தவர் மாமா. கடைசியில் ஒன்று கிடைத்தது. அதைத்தான் இத்தனை வருடமாக வளர்த்து விற்கிறோம். மாமாவுக்கு அவை என்றைக்கும் பாக்டீரியா இல்லை.

"எல்லாம் என் தங்கச்சி புள்ளைங்க. தாய்மாமன் வயல்ல வேலை செய்யாம வேற எங்க போய்ச் செய்யும்?" என்பார். எனக்குக் கோடிக்கணக்கில் தம்பி தங்கைகள் என்று கணக்கு.

அன்றைக்கும் ஒரு செடியின் வேரைத் தூக்கி என்னிடம் காட்டினார். வேரில் அங்கங்கே சின்ன முடிச்சுகள் இருந்தன. பாத்தியா, நம்ம ஆளுங்க வந்து உட்கார்ந்துட்டாங்க, அதனால சாப்பாட்டுக் குறை இல்லை, வேற என்னமோ என்றார். பக்கத்து நிலத்துக்காரர் யூரியா போடச் சொன்னாராம், இவர் மறுத்துவிட்டாராம். யூரியா போட்டால் பாக்டீரியா சோம்பேறியாகிவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். தட்டில் சோறு போட்டு வைத்தால் எவன் அடுப்பைப் பற்றவைப்பான் என்பது அவள் வாதம். தங்கச்சி பேச்சைத் தட்டி அவர் யூரியா மூட்டையைத் தொட்டதில்லை.

டீ போடுகிறேன் என்று நான் ஒரு செடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். வேரை அலசி, இருப்பதிலேயே பெரிய முடிச்சைக் காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டினேன். வெள்ளை. இன்னொன்றை வெட்டினேன். அதுவும் வெள்ளை, உரித்த பூண்டு மாதிரி. திரும்பிப் பார்த்தால் அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கத்தியையும் பார்த்தார், பலகையையும் பார்த்தார். பக்கத்தில் வந்து பலகையைத் தூக்கி, வெட்டிய முடிச்சுகளைத் தொட்டியில் தட்டி, குழாயைத் திறந்துவிட்டார். அவை சுற்றிச் சுற்றி ஓட்டைக்குள் போயின. பிறகு டீயை அவரே எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் கொடுத்து, பார்க்கலாம் மச்சான், விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பலகையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு அவர் மெலிவார், படுத்துவிடுவார் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் சதை போட்டார். நேரத்துக்குச் சாப்பிட்டார், படுத்தால் தூங்கினார், ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், நல்லா தேறிட்டாரு, மனுஷன் தைரியசாலி என்றார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கும் முடி கொட்டவில்லை, முகம் வாடவில்லை. வீட்டில் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு நன்றாக இருந்தோம். அம்மாவின் பேச்சை எடுப்பதில்லை என்று யாரும் முடிவு செய்யவில்லை, அதுவாக நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் நான் பேக்கிங் ஹாலுக்குப் போகாமல் அப்பாவின் அறைக்குப் போனேன். அங்கே அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர். நீளமான கைப்பிடியில் மெல்லிய கம்பி. அதை நெருப்பில் பழுக்கக் காட்டி, ஆறவைத்து, நுனியால் பாக்டீரியாவைத் தொட்டு ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாற்றுவதுதான் அவர் வேலை. பழைய குழாய் காய்ந்துபோவதற்குள் புதுக் குழாய்க்கு மாற்றிவிட வேண்டும். தாய்க் குழாய் என்போம் அதை. அதிலிருந்துதான் பெரிய தொட்டிக்கும், தொட்டியிலிருந்து தூளுக்கும், தூளிலிருந்து என் பொட்டலத்துக்கும் போகும். அப்பாவின் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

பாக்டீரியா வளர ஜெல்லி ஊற்றிவைத்திருந்த கண்ணாடித் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக, பால் சொட்டு மாதிரி, கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. எப்போது போட்டது என்று கேட்டேன். அப்பா சொன்னார். அவ்வளவு சீக்கிரம் அவை வரக் கூடாது. அம்மாவின் பாக்டீரியா மெதுவாக வரும் ஜாதி. வாரக் கடைசிக்குள் வந்துவிடு என்று தட்டைப் பார்த்து அவள் கெஞ்சுவதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் எதைத் தொட்டு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்பாவுக்குக் கேள்வியே புரியவில்லை. இருப்பதில் நல்லதாக, பெரிதாக, பளபளவென்று இருப்பதைத்தான் என்றார். அவள் கொடுத்துவிட்டுப் போனது, நோஞ்சானையா எடுப்பார்கள் என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முடிச்சுக்குள் உட்கார்ந்து உழைப்பதற்கு வேண்டியதையெல்லாம் பாக்டீரியா சுமந்துகொண்டே இருக்க வேண்டும். ஜெல்லியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அந்தச் சுமை தேவையில்லை. எங்கேயோ ஒன்று சுமையை இறக்கிவைத்திருக்கும். இறக்கிவைத்தது வேகமாகப் பெருகும், பெரிதாகத் தெரியும். அப்பா அதைத் தேடிப் பிடித்து எடுத்திருக்கிறார். மறுபடி மாற்றும்போது அதிலும் பெரியதை எடுத்திருக்கிறார். அம்மா போன இந்த ஒரு வருடம் முழுக்க, நெருப்பில் காட்டிய கம்பியால், கை நடுங்காமல், உழைக்கத் தெரியாதவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்.

"நல்லாத்தானே வளருது" என்றார் அப்பா.

"வளருதுப்பா. வேலை செய்யல."

அவர் தட்டை மூடிவைத்தார். வளர்வது வேறு, வேலை செய்வது வேறு என்பதற்கு எங்கள் வீட்டிலேயே இரண்டு சாட்சிகள் இருக்கிறோம். அதை அவரிடம் சொல்லவில்லை.

அம்மா இருந்தபோது இது நடந்திருக்காது. வருடத்துக்கு ஒருமுறை, தாய்க் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவாள். அதற்கென்று அந்த முதல் பாக்டீரியாவை உலர்த்தி, கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை நெருப்பில் உருக்கி மூடி ஃப்ரீசரின் கீழ்த் தட்டில் வைத்திருந்தாள். ஒன்றை உடைத்தால் வருடம் ஓடும். விற்பதற்கு முன் மண்தொட்டியில் செடி வைத்து முடிச்சை வெட்டியும் பார்ப்பாள். அவள் போன பிறகு அந்த வேலைக்கு ஆள் போடுகிறோம் என்றார்கள், போடவில்லை. மண்தொட்டிகள் கவிழ்ந்தே கிடந்தன. ஃப்ரீசரில் மிச்சமிருந்த குழாய்களை அப்பா உடைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் ஊதி, உருக்கி, திருகி மூடிய கண்ணாடி அது. நானாக இருந்தாலும் உடைத்திருப்பேனா என்று தெரியாது.

எங்கள் இடத்தின் பொறுப்பாளரான மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நல்லவர், எதற்கெடுத்தாலும் முதலில் கோப்பைத் தேடுகிறவர் என்று நாங்கள் கிண்டல் செய்வோம், ஆனால் காரியத்தில் கெட்டி. பொட்டலம் போவதை அன்றைக்கே நிறுத்தினார். ஏற்கெனவே சோயா விளைந்த வயல்களுக்குப் பெரிய பாதகமில்லை, அந்த மண்ணில் பழைய பாக்டீரியா இருக்கும், சமாளித்துக்கொள்ளும். சோயாவையே பார்க்காத புது நிலங்களில் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார்: பொட்டலத்தில் குறை, பூப்பதற்குள் யூரியா போட்டால் பயிர் பிழைத்துக்கொள்ளும், தாமதித்தால் காய் பிடிக்காது. உங்க மாமாவுக்கு உங்க அப்பாவே சொல்லிடட்டும், அதுதான் மரியாதை என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

மாமாவின் நிலமும் சோயா பார்க்காததுதான், அவருக்கும் அந்தச் செய்தி போயிருந்தது. சாயங்காலம் அவரே கூப்பிட்டுச் சிரித்தார். உங்க ஆபீஸ்ல யாருக்கோ உரக்கடையில பங்கு இருக்கு போல, என் தங்கச்சி சரக்குல குறைன்னு எழுதியிருக்காங்க, கூசாம புளுகறானுங்க என்றார். நான் மெதுவாக, முடிச்சை வெட்டிப் பார்த்தேன் மாமா, உள்ளே வெள்ளையாக இருக்கிறது என்றேன்.  அவர் மறுபடி சிரித்தார்.

"நீ பொட்டலத்துக்கு வாய் ஒட்டற புள்ள, மருமகளே. உனக்கு அதெல்லாம் தெரியாது. மாப்ள சொல்லட்டும், போடறேன்."

போனை அப்பாவிடம் நீட்டினேன். அப்பா வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். முதுகு எப்படி இருக்கிறது மச்சான் என்று கேட்டார். அந்தப் பக்கம் மழை உண்டா என்று கேட்டார். மோட்டார் ரிப்பேர் ஆனதைப் பற்றி இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். சரி மச்சான் வைக்கட்டுமா என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாளும் அப்படியே ஆனது. அதற்கடுத்த நாள் தைலத்தின் பெயர் ஒன்றைச் சொல்லி முதுகில் தேய்க்கச் சொன்னார். வாய் வரைக்கும் வந்த வார்த்தை தைலமாகவும் மழையாகவும் மாறிப் போவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், நாள் போகிறது அப்பா, அவர் பயிர் போய்விடும், நீங்கள் சொன்னால்தான் அவர் யூரியா போடுவார் என்றேன். தெரியும் என்றார். சாப்பிடலாமா என்று கேட்டார். சாப்பிட்டோம். நன்றாகவே சாப்பிட்டோம், அதுதான் எனக்கு வெறுப்பாக இருந்தது.

அவர் பயந்தது தன் தப்பு வெளியே வந்துவிடும் என்றா? அது இல்லை. ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடம் மட்டும், பாவம் என்று என் காதுபடச் சொன்னார். வேறு எதற்கோ பயந்தார். அது என்ன என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை, பிடிபட வேண்டும் என்று நான் மெனக்கெடவும் இல்லை.

பிறகு ஒரு காலையில் மாமா கூப்பிட்டார். செடிகளில் மொட்டு கட்டத் தொடங்கிவிட்டதாம். சந்தோஷமாகச் சொன்னார், கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் நம்ம ஆளுங்க கைவிடலை என்றார். நான் போனை வைத்துவிட்டு அப்பாவின் சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அதட்டலாம் என்று இருந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரமாக அவர் உட்கார்ந்தார். வழி நெடுக இரண்டு பக்கமும் யார் யாருடைய வயல்களோ பச்சையாக இருந்தன. பாலம் தாண்டி இறங்கினோம். தூரத்திலிருந்தே மாமாவின் நிலம் எது என்று தெரிந்துவிட்டது. சுற்றிலும் பச்சை, நடுவில் அது மட்டும் வெளுத்துப் போய், துவைத்துக் காயப்போட்ட மஞ்சள் துணி மாதிரிக் கிடந்தது. அப்பா அதைப் பார்த்து நின்றுவிட்டார். நான் நடந்தேன், அவரும் வந்தார்.

மாமா வரப்பில் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எழும்போது முதுகைப் பிடித்துக்கொண்டார். வாங்க மாப்ள, ஒரு வழியா கால் எடுத்து வெச்சீங்களே என்றார். உட்காரச் சாக்கு விரித்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மொட்டுகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பிறகு ஒரு செடியை மண்வெட்டியால் நெம்பி, வேரோடு எடுத்து உதறி, முடிச்சுகளை அப்பாவின் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

"எண்ணிப் பாருங்க மாப்ள. இவ்வளவு பேர் உள்ள உட்கார்ந்திருக்காங்க. இவங்களை வெச்சுக்கிட்டு நான் யூரியா வாங்கணுமா?"

அப்பா செடியை வாங்கிக்கொண்டார். பையிலிருந்து பிளேடை எடுத்தார். அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு முடிச்சைக் கிள்ளி, கட்டை விரல் நகத்தின் மேல் வைத்து வெட்டி, மாமாவிடம் காட்டினார். 

மாமா குனிந்து பார்த்தார். வெள்ளை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ வயல்களில் அம்மா வெட்டும்போது பக்கத்தில் குடை பிடித்தவர் அவர். இது சின்னது, வேறு ஒன்றை வெட்டுங்கள் என்றார். அப்பா வெட்டினார். அதுவும் வெள்ளை. மாமா தானே போய் இன்னொரு செடியை நெம்பிக் கொண்டுவந்தார், பிறகு வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒன்று, பிறகு நிலத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒன்று. முதுகு வலியை மறந்து நடந்தார். அப்பா வெட்டிக்கொண்டே இருந்தார். வரப்பில் வெள்ளைத் துணுக்குகள் சேர்ந்தன.

பிறகு மாமா செடி கொண்டுவருவதை நிறுத்தினார். அப்பா சொல்லத் தொடங்கினார். எப்படிப் பெரியதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார், எப்படி அது வேலையை மறந்துபோனது, யூரியா போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று எல்லாவற்றையும் வரிசையாக, சின்னக் குரலில், மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் வளர்த்துக் கெடுத்துட்டேன் மச்சான் என்றார். மாமா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வயலைப் பார்க்கவில்லை, பயிர் என்னாகும் என்று கேட்கவில்லை. முகத்தில் சிரிப்பு மட்டும் இறங்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியாதது போல.

"அப்ப இது அவளோடது இல்லையா?" என்றார்.

அப்பா பிளேடில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார்.

"ஒவ்வொரு நாளும் வந்து பேசிக்கிட்டு இருந்தேன் மாப்ள. காலைல வந்ததும் இங்கதான் நிப்பேன். இன்னிக்கு வெயில் ஜாஸ்திம்பேன், மோட்டார் ஓடலைம்பேன்." மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மருமகளே. எங்கயாச்சும் மிச்சம் இருக்காளா?"

ஃப்ரீசரின் கீழ்த் தட்டில் குழாய்கள் இருந்தன. ஒன்றை உடைத்தால் போதும், அடுத்த விதைப்புக்குப் பழையபடி வந்துவிடும். அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றும்.

"இல்ல மச்சான்" என்றார் அப்பா. "அவ செத்துட்டா."

அம்மா இறந்த அன்று எல்லாருக்கும் போன் செய்தது நான்தான். முதலில் கூப்பிட்டது மாமாவை. அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு நம்பராக எடுத்துக் கொடுத்தார். அந்த வாக்கியத்தை நானேதான் எல்லாரிடமும் சொன்னேன், சொல்லிச் சொல்லி அது வெறும் சத்தமாகிவிட்டது. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அப்பா அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போல நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

மாமா மெல்ல உட்கார்ந்தார். அப்பாவின் கையைப் பிடித்துப் பிளேடை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை. குழாய்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது அடுத்த விதைப்பின் பேச்சு. காற்று அடித்தது, மஞ்சள் இலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தன.

வெகுநேரம் கழித்து மாமா, உரக்கடைக்காரரிடம் கேட்பது போல ஒரு சாதாரணக் குரலில், யூரியா ஏக்கருக்கு எவ்வளவு போடணும் மாப்ள என்று கேட்டார். அப்பா சொல்வதற்கு வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே இருந்தது, தோள் குலுங்கியது. அவருக்குப் பதிலாக நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மூட்டை மாமா, ஈரம் இருக்கும்போது, செடி மேல் படாமல் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் எனக்கும் முடியவில்லை.